கொள்ளை ஆகாது

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கண்ணாடி போடுகிறவள் அல்ல. இங்கே வருவதற்கு முன்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் மாட்டும் வேலை பார்த்தவள். சேர்ந்த புதிதில், ஓட்டப் பயிற்சியில் ஒருத்தி குப்புற விழுந்து கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. இவள் தன் பெட்டியிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே முடுக்கிக் கொடுத்தாள். அன்றைக்கே பேர் ஒட்டிக்கொண்டது. அக்கா என்பது வயதுக்காக. மற்றவர்கள் படிப்பை முடித்த கையோடு வந்த பிள்ளைகள். இவளுக்கு முதல் வகுப்பில் படிக்கும் ஒரு மகள் இருந்தாள்.

புருஷன் போலீஸ்காரர். ஸ்டேஷனில் அவரை 'ஏணி' என்பார்கள், அவ்வளவு உயரம். பணியில் இருக்கும்போது செத்தார். அப்படிச் செத்தால் மனைவிக்கு அந்த வேலையைக் கொடுப்பது துறையின் வழக்கம். "நீ சேர்ந்துக்கிறியாம்மா?" என்று யாரோ பெரிய அதிகாரி வீட்டுக்கு வந்து கேட்டார். இவள் சரி என்றாள். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். டீ குடிக்கிறியா, சரி. உடம்பைப் பார்க்கிறியா, சரி. இங்கே கையெழுத்துப் போடு, சரி.

நடந்தது இதுதான். ஒரு வேலை நாளின் மத்தியானம். ஆளில்லாத வீட்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஏணியும் இன்னொரு போலீஸ்காரரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். உள்ளே ஒருவன் பீரோவை நெம்பித் திறந்து, அகப்பட்டதை எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். முன்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் உறையைச் சமையல்கட்டிலேயே போட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினான். பின்கதவில் ஏணி நின்றார். அவனிடம் லைசென்ஸ் இல்லாத ஒரு துப்பாக்கி இருந்தது. சுட்டான். சுவர் ஏறி ஓடி, அன்று சாயங்காலமே பஸ் நிலையக் கழிப்பறையில் பிடிபட்டான்.

சேதி வந்தபோது கண்ணாடியக்கா கடையில் ஒரு வாடிக்கையாளரின் பிரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் சொல்லி முடித்த பிறகும், மிச்சமிருந்த திருகை முடுக்கி, லென்ஸைத் துடைத்து, வாடிக்கையாளரின் மூக்கில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். சொந்தக்காரர்கள் இதை ரொம்ப நாள் பேசினார்கள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். "அழுதுடும்மா, அழுதா பாரம் குறையும்" என்று பெண்கள் முதுகைத் தடவினார்கள். அவளுக்கும் அழ ஆட்சேபணை இல்லை. தும்மல் வருகிற மாதிரி வரும், அப்படியே நின்றுவிடும்.

பயிற்சிப் பள்ளி அவளுக்குக் கஷ்டமாக இல்லை. விசில் ஊதினால் எழ வேண்டும். விசில் ஊதினால் ஓட வேண்டும். என்ன நினைக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சட்டம் நடத்தியவர் அரசு வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் "ஆனாக்கா" என்று ஆரம்பிப்பார். அதனால் அவர் ஆனாக்கா சார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் இவளை மட்டும் நிறுத்தினார். மேஜை மேலிருந்த சாக்பீஸ் துண்டுகளை டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டபடியே பேசினார்.

"அடுத்த வாரம் அத்துமீறல், திருட்டு, கொள்ளை, துப்பாக்கிச் சட்டம் எல்லாம் வருதும்மா. நாலையும் ஒரே கேஸ்ல வச்சு நடத்தினாத்தான் இந்தப் பசங்க மண்டைல ஏறும். அந்த மாதிரி அமைஞ்ச கேஸ்..." என்று நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரர் கேஸா சார்?"

"ஆமா. வேண்டாம்னா விட்டுடறேன். வேற பழைய கேஸ் இருக்கு. இல்லன்னா நீ அன்னைக்கு லீவு எடுத்துக்க, நான் சொல்லிக்கறேன்."

"பரீட்சையில வருமா சார்?"

"வரும்."

"அப்ப நான் வகுப்புக்கு வரேன் சார். நடத்துங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். டப்பாவை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வகுப்பு கலகலப்பாகத்தான் ஆரம்பித்தது. "பக்கத்து வீட்டுத் தோட்டத்துல என் பந்து விழுந்துடுச்சு. கேட்காம சுவர் ஏறிக் குதிக்கிறேன். குற்றமா?" என்றார் ஆனாக்கா சார். இல்லை சார் என்றது பாதி வகுப்பு. குற்றம் சார் என்றது மீதி. "குதிச்சது தப்பு. குற்றம் இல்ல. ஆனாக்கா, பந்து சாக்கு, உள்ள போய் அந்தாளு மண்டைய உடைக்கணும்னு குதிச்சா?" குற்றம் சார் என்று எல்லோரும் கத்தினார்கள். "அதே சுவர், அதே கால். மனசு மட்டும் வேற. எந்த மனசோட கால் உள்ள போச்சுங்கறதுதான் அத்துமீறல். சரி, உங்க மாமனார் வீட்டுக்குள்ள கூப்பிட்டுத்தான் போறீங்க. போன இடத்துல சண்டை போட்டு, வெளிய போடான்னு சொன்ன பிறகும் நகராம நின்னு மிரட்டுறீங்க. அதுவும் அத்துமீறல்தான். கல்யாணம் ஆகாதவங்க சிரிக்காதீங்க, குறிச்சுக்கங்க."

பிறகு கரும்பலகையில் ஒரு வீட்டின் படம் போட்டார். முன்வாசல், கூடம், பீரோ இருந்த அறை, சமையல்கட்டு, பின்கதவு. ஆட்களுக்குப் பெயர் வைக்கவில்லை. திருட வந்தவன் 'அ'. பின்கதவில் நின்ற காவலர் 'ஆ'.

கண்ணாடியக்கா அந்த 'ஆ'வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் எழுதியிருந்தார். நன்றாக வளைந்த, அழகான எழுத்து.

"அ சுடறான். ஆ விழறார்" என்றார் ஆனாக்கா சார்.

"குண்டு பட்டதும் 'ஆ'ன்னு கத்தியிருப்பாரு, அதான் சார் அந்தப் பேர் வச்சிருக்காரு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த பெண், பட்டப்பேரே கபடி. கண்ணாடியக்காவின் பக்கத்துக் கட்டில்காரி. வகுப்பே சிரித்தது. ஆனாக்கா சார் சிரிக்கவில்லை. டஸ்டரால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

"இது கொள்ளையா?"

"கொள்ளை சார்!" ஒரே குரலில். வீடு புகுந்திருக்கிறான், பீரோவை உடைத்திருக்கிறான், துப்பாக்கியால் சுட்டிருக்கிறான், ஒரு உயிர் போயிருக்கிறது. இதற்கு மேல் கொள்ளைக்கு என்ன வேண்டும்?

"வேற பதில் யாருகிட்டயாவது இருக்கா?" அவர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். அவள் பக்கம் திரும்பாமல் இருக்கத்தான் ஜன்னலைப் பார்த்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. எழுந்து நின்றாள்.

"கொள்ளை ஆகாது சார்."

"ஏன்?"

"எடுத்ததை சமையல்கட்டிலேயே போட்டுட்டான் சார். கை வெறுங்கை. பொருளை எடுக்கறதுக்கோ, எடுத்துட்டுப் போறதுக்கோ சுடலை. தப்பிச்சு ஓடத்தான் சுட்டான்."

"அப்ப வெறும் திருட்டு முயற்சியா? பொருள்தான் வீட்டை விட்டே வெளிய போகலையே."

"திருட்டே சார். பீரோவுல இருந்து எடுத்து நகர்த்தின உடனே திருட்டு முடிஞ்சுபோச்சு. வாசல் தாண்டணும்னு இல்ல."

"மத்தது?"

"திருடறதுக்காக வீட்டை உடைச்சுப் புகுந்தது ஒண்ணு. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தது ஒண்ணு, அதைப் பயன்படுத்தினது ஒண்ணு. கொலை ஒண்ணு."

"தலையணை உறை கையில இருந்திருந்தா?"

"அதே குண்டு, அதே ஆளு சார். ஆனா கொள்ளை."

அவர் தலையாட்டினார். "கீழ்க்கோர்ட்டு இதைக் கொள்ளைன்னுதான் சொல்லியிருக்கு. அப்பீல் நிலுவையில இருக்கு. மேல்கோர்ட்டு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். உட்காரும்மா."

உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் அவசர அவசரமாகத் தன் விடையை அடித்துவிட்டு இவள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தாள்.

எப்படியோ விஷயம் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விட்டது. தட்டுக் கழுவும் இடத்தில் யாரோ கபடியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஈரக் கையோடு ஓடிவந்து கட்டிலருகில் நின்றாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"எது?"

"அந்த... ஆ-ன்னு..."

கண்ணாடியக்கா காலுறையை மடித்துக்கொண்டிருந்தாள். "கத்தலையாம்" என்றாள். "கூடப் போனவரு சொன்னாரு. சத்தமே இல்லையாம். சும்மா படியில உட்கார்ந்துட்டாராம். களைச்சுப்போய் உட்காருவாங்களே, அப்படி."

கபடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தேம்பித் தேம்பி, மூக்கெல்லாம் ஒழுக. கண்ணாடியக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுலபமாக வருகிறது இவளுக்கு. பிறகு மடித்த காலுறையையே எடுத்து, மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் துப்பாக்கிப் பயிற்சி. முதலில் வெறும் துப்பாக்கியைக் கொடுத்து, கழற்ற, மாட்ட, துடைக்கச் சொன்னார்கள். கடையில் செய்த வேலையைவிட எளிது, இதில் திருகுகள் பெரியவை. பிறகு ஒரு காலை மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுடும்வரை விரல் விசையில் படக்கூடாது, வாய் எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும், கதவுக்கு நேராக நிற்கவே கூடாது, பக்கவாட்டுச் சுவரை ஒட்டித்தான் நிற்க வேண்டும் என்று ஆயுத மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இவள் முறை வந்ததும் குரலை இறக்கினார்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல சார்."

"கோவம் வருதா?"

"இல்ல சார்."

"ரெண்டும் இல்லன்னா நல்லாச் சுடுவ."

நன்றாகத்தான் சுட்டாள். கபடியின் குண்டுகள் மண்மேட்டில் கண்ட கண்ட இடத்தில் புதைந்தன. இவளுடையவை அட்டையின் நடுவில் ஒரே கொத்தாக இருந்தன. "கல்லு மாதிரி நிக்குது பாருங்கடா, பார்த்துக் கத்துக்கங்க" என்றார் மாஸ்டர். அவள் தன் கையைப் பார்த்தாள். நடுக்கமே இல்லை. ஏணியைச் சுட்டவன் கை வெடவெடவென்று நடுங்கியிருக்கும், குறிகூடப் பார்த்திருக்க மாட்டான் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

மேல்கோர்ட்டுத் தீர்ப்பு வந்தபோது அவள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். வீடு என்றால் மாமனார் வீடு. மாமனார் பஸ் டிரைவராக இருந்தவர். மாமியார் இல்லை. பேத்தியை அவர்தான் பார்த்துக்கொண்டார், தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காரும்போதுதான் வக்கீலின் போன் வந்தது. போனை வைத்துவிட்டு மாமனார் தட்டைத் தள்ளினார். மேஜைக்கடியில் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் அவர் கால் பிரேக்கைத் தேடும்.

"கொள்ளை இல்லையாம்மா. தள்ளுபடி பண்ணிட்டாங்களாம்."

"கொலைக்குக் குடுத்த ஆயுள் தண்டனை?"

"அது இருக்காம். துப்பாக்கிக்குக் குடுத்ததும் இருக்காம். கொள்ளைய மட்டும் எடுத்துட்டாங்களாம். எந்த ஊர் நியாயம் இது? வீட்டை உடைச்சு, பீரோவ உடைச்சு, சுட்டுத் தள்ளிட்டு ஓடியிருக்கான். கொள்ளை இல்லன்னா பின்ன எதுக்கு வந்தானாம், விருந்து சாப்பிடவா?"

"திருட வந்தான் மாமா. திருட்டுக்கும் தண்டனை இருக்கு. ஆனா சுடும்போது பொருள் அவன் கையில இல்ல. பொருளுக்காகச் சுட்டாத்தான் கொள்ளை. கோர்ட்டு சொன்னது சரிதான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரிதானா?"

"தண்டனை ஒண்ணும் குறையாது மாமா. எல்லாம் அப்படியேதான் இருக்கும்."

"தண்டனையப் பத்தி யார் கேட்டா? கொள்ளைக்காரனை எதிர்த்து நின்னு செத்தான்னு ஸ்டேஷன்ல கல்லு வெட்டி வச்சிருக்காங்க. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் நானும் அதையேதான் சொல்லிட்டிருக்கேன். இப்ப கொள்ளையே இல்லன்னா... என் புள்ளைய எதுக்குத்தான் கொன்னான்?"

மகள் சோற்றைப் பிசைந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடியக்காவுக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்வதுதானே இத்தனை மாதமாகப் பழக்கம்.

"வழியில நின்னாரு மாமா" என்றாள்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லா போலீஸ் ஆயிட்டம்மா" என்று அங்கிருந்தபடியே சொன்னார். அவள் அவர் தட்டில் மிச்சமிருந்ததை மூடி வைத்தாள்.

அதன்பிறகு இரண்டு விடுப்புகளில் அவர் இவளோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிடு, குழந்தைக்குச் சளி, கதவைச் சாத்து. அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது தடவை அவள் வந்திருந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் வந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி அவராகவே ஆரம்பித்தார்.

"என் பஸ்ஸுல ஒருத்தன் பாக்கெட் அடிக்கிறான்னு வச்சுக்க. கண்டக்டர் பிடிக்க வரான். அவன் பர்ஸக் கீழ போட்டுட்டு, கண்டக்டரக் கீழ தள்ளிட்டு ஓடறான். அது என்ன?"

"திருட்டு மாமா. கண்டக்டரை அடிச்சது தனிக் குற்றம்."

"பர்ஸோட தள்ளிட்டு ஓடினா?"

"கொள்ளை."

"கண்டக்டருக்கு ரெண்டுலயும் கால் ஒடிஞ்சுதுன்னா?"

"ரெண்டுலயும் ஒரே ஒடிசல்தான் மாமா."

அவர் ரொம்ப நேரம் ஒரு கிளிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சட்டம் பர்ஸத்தான் பார்க்குது போல" என்றார். பிறகு, "சரி, அதுவும் எதையாவது பார்த்துத்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை உதறினார். அது ஏணியின் பழைய சட்டை. இப்போது அவர்தான் போட்டுக்கொள்கிறார், முழங்கைக்குக் கீழே மடித்து விட்டுக்கொண்டு.

பயிற்சி முடிந்து அவளுக்கு நகரத்தின் வேறொரு மூலையில் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. பரீட்சையில் சட்டத்தில் அவள்தான் முதல். கொடுத்த கேடயத்தை மகள் பள்ளிக்கு எடுத்துப்போய், கொண்டுவரவே இல்லை. எங்கே என்று இவள் கேட்கவும் இல்லை.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் போன் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண்மணி வீட்டைப் பூட்டாமல் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்துவிட்டுக் கீழே வந்து பார்த்தால், கூடத்தில் யாரோ ஒருவன். கையில் துப்பாக்கி. அவர் சாமர்த்தியமாகக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போன் செய்திருக்கிறார். "கொள்ளைக்காரன்! கொள்ளைக்காரன்!" என்று போனிலேயே அலறினார். இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, கண்ணாடியக்கா மூவரும் போனார்கள்.

படிக்கட்டில் குடியிருப்பே திரண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் விலக்கினார். கண்ணாடியக்கா கதவின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நின்றாள். துப்பாக்கியின் வாய் தரையைப் பார்த்தது, விரல் விசைக்கு வெளியே இருந்தது. ஏட்டு சாவியைத் திருப்பினார். நெஞ்சு ஒரு துடிப்புக்கூடக் கூடவில்லை. இதற்கு மட்டும் நான் சரியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே சோபாவில் ஒருவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் மரத்தூள். மடியில் இருந்தது சுவரில் துளை போடும் டிரில் மெஷின்.

ஏட்டு அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு அவனைத் தட்டி எழுப்பினார். அவன் மூன்று காக்கிச் சட்டைகளைப் பார்த்து மலங்க மலங்க விழித்தான். தச்சு வேலை செய்கிறவன், இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இன்ஸ்பெக்டர், கேள் என்பதுபோலக் கண்ணாடியக்காவுக்குச் சாடை காட்டினார்.

"எதுக்கு இந்த வீட்டுக்குள்ள வந்தீங்க?"

"என் வீடு மேடம்."

"உங்க வீடு எத்தனையாவது மாடி?"

"மூணு."

"இது ரெண்டு."

அவன் சுவர்களைப் பார்த்தான். காலண்டரைப் பார்த்தான். கடைசியாகத் தான் உட்கார்ந்திருந்த சோபாவைத் தடவிப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அதானே பார்த்தேன். வந்து பார்த்தா புது சோபா மேடம். என்னைக் கேட்காம வாங்கிட்டாளேன்னு வயிறு எரிஞ்சுபோச்சு. அவ வரட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சோபா. தூங்கிட்டேன்."

கண்ணாடியக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏட்டு திரும்பிப் பார்த்தார். சத்தம் போட்டது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு அது நிற்கவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, விலா வலிக்கச் சிரித்தாள். தச்சனும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தான். வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. உயிர் போகிற பயத்தில் இருந்திருக்கிறார், அவர் எப்படிச் சிரிப்பார்?

கெட்ட எண்ணம் இல்லாமல் தவறுதலாக நுழைந்தவர், வழக்கு வேண்டாம் என்று எழுதி வாங்கி, தச்சனை மேல் மாடியில் விட்டுவிட்டு வந்தார்கள். அவன் மனைவி ஆளைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தது கீழே தெருவரைக்கும் கேட்டது.

இரண்டாம் மாடி அம்மாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்கே வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியக்காவைக் கூப்பிட்டார்.

"வீட்டுக்குள்ளயே நின்னு விழுந்து விழுந்து சிரிச்சேன்னு புகார்."

"ஆமா சார்."

"ஏன்?"

"தெரியலை சார்."

அவர் பேனாவால் காதைக் குடைந்தார். அவருக்கும் உதடு லேசாகத் துடித்தது. "நல்ல சோபாவாம்ல" என்று முணுமுணுத்துவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "இனிமே சிரிப்பு வந்தா வெளிய வந்து சிரி. போ."

அவள் வெளியே வந்து நின்றாள். அடிவயிறு இன்னும் வலித்தது. சிரிப்பு மறுபடி வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. முற்றத்தில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் காலடிவரை ஓடி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பூட்ஸ் நனையாமல் தாண்டி உள்ளே போனாள்.